இரண்டரை அடிக் கதவு - ஒரு பாத்ரூமின் வரலாறு

காஞ்சிபுரத்துக்காரன் எழுத உட்கார்ந்தால் பட்டு, கோயில், கோயில் இட்லி, அறிஞர் அண்ணா... இந்த நான்கில் ஒன்றைத்தான் எழுதுவான் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இன்றைக்கு இந்த நான்கையும் ஓரமாக வைத்துவிட்டு பாத்ரூமைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். கோட்டைக்கும் அரண்மனைக்கும் வரலாறு இருக்கிற மாதிரி பாத்ரூம் கதவுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதிலும் போர் வருகிறது, சட்டம் வருகிறது, கோர்ட் வருகிறது.

குறிப்பாக நான் சொல்ல வருவது, நடக்க முடியாதவர்களும் வயதானவர்களும் தாங்களாகவே குளிப்பதற்கான ஏற்பாடுகள் பற்றி. வீல்சேர் நுழையும் கதவு, படி இல்லாத தரை, சுவரில் மடக்கி வைக்கிற ஸீட், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. மொத்தமே நான்கு சாமான். இந்த நான்கும் உலகத்துக்கு எப்படி வந்தன, நம்ம ஊர் வீடுகளுக்கு ஏன் இன்னும் சரியாக வரவில்லை என்பதுதான் விஷயம்.

முதலில் கைவிட்டுப் போவது

1963-ல் சிட்னி காட்ஸ் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய குழுவினரும் ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். ஒரு மனிதன் அடுத்தவர் உதவி இல்லாமல் அன்றாடம் செய்ய வேண்டிய ஆறு காரியங்களை அதில் பட்டியல் போட்டார்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து இடம் மாறுவது, மலஜலத்தைக் கட்டுப்படுத்துவது, சாப்பிடுவது. அவர்கள் கவனித்த விஷயம், முதுமையிலோ நோயிலோ இந்தத் திறமைகள் பெரும்பாலும் இதே வரிசையில்தான் ஒவ்வொன்றாகப் போகின்றன. முதலில் போவது குளியல், கடைசியில் போவது சாப்பாடு. தேறி வருகிறவர்களுக்கு வரிசை தலைகீழ். முதலில் தானாகச் சாப்பிடுவார்கள், கடைசியாகத்தான் தானாகக் குளிப்பார்கள்.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். ஈரத் தரை, சோப்பு, ஒற்றைக் காலில் நின்று இன்னொரு காலைத் தேய்ப்பது, கண்ணை மூடிக்கொண்டு தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது. ஒரு நாளில் நாம் செய்கிற வேலைகளிலேயே கழைக்கூத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது குளியல்தான்! அதோடு உடம்பில் துணி இல்லாத நேரம். "கொஞ்சம் சாப்பாடு ஊட்டி விடு" என்று கேட்பதற்கும் "என்னைக் குளிப்பாட்டி விடு" என்று கேட்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று, கேட்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

நாம் உட்கார்ந்து குளித்தவர்கள்

ஷவர் ஸீட் என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று தோன்றுகிறது. ஆனால் நின்றுகொண்டு குளிக்கும் ஷவர்தான் நமக்குப் புதுசு. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள மணையில் உட்காருகிறோம். கொல்லைக் கிணற்றடியில் துவைக்கிற கல்லின் மேலோ ஒரு பலகையின் மேலோ உட்கார்ந்து, பக்கத்தில் தொட்டியோ அண்டாவோ வைத்துச் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வதுதான் பழைய வழக்கம். கர்ப்பிணிக்கும் முக்காலி, பாட்டிக்கும் முக்காலி. அதைத் தனியாக யாரும் "உதவிக் கருவி" என்று சொல்லவில்லை.

பழைய காலம் எல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஊரில் வரதராஜப் பெருமாள் கோயில் அனந்த சரஸையோ சர்வதீர்த்தக் குளத்தையோ பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீரைத் தொட வேண்டுமென்றால் படிக்கட்டு இறங்க வேண்டும். கால் வராதவர் கரையிலேயேதான் நிற்க வேண்டும், யாராவது ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தால் உண்டு. குளம் எல்லோருக்குமானதாக இருந்ததில்லை. இதில் சாதி என்ற இன்னொரு பெரிய கதவு வேறு, அது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம்.

ஆனால் வீட்டுக் கொல்லையில் ஒரு சௌகரியம் இருந்தது: இடம். கதவு கிடையாது, மறைப்புக்கு ஒரு தட்டி. இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டு போகலாம், கட்டிலையே பக்கத்தில் போடலாம்.

நான்கு சுவருக்குள் வந்த கதை

பிறகு குளியல் வீட்டுக்குள் வந்தது. மோட்டார் பம்ப், மாடித் தொட்டி, பைப் எல்லாம் வந்ததும் கொல்லை சுருங்கி, அந்த இடத்தில் அறை எழும்பியது. நெசவாளர் வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? முன்னால் தறிக்கூடம், பின்னால் நீளமாக ரயில் பெட்டி மாதிரி வீடு. இருக்கிற அகலத்தில் தறிக்குத்தான் முதல் மரியாதை. மிச்சமிருக்கும் மூலையில் நாலுக்கு ஆறு அடி பாத்ரூம், இரண்டரை அடிக் கதவு.

பெயர்தான் இரண்டரை அடி. முப்பது இன்ச்சில் இரண்டு பக்க நிலைச் சட்டமும், திறந்து நிற்கும் கதவின் தடிமனும் போக மிஞ்சும் வழி சுமார் இருபத்தைந்து இன்ச். சாதாரண வீல்சேரின் அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது சக்கரம் நுழைந்தால் சக்கரத்தைத் தள்ளும் கை நுழையாது. தண்ணீர் வெளியே வராமல் இருக்க வாசலில் ஒரு திண்டு. கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே இருப்பவர் வழுக்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது.

இந்த மூன்றையும் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இடம் மிச்சம், தண்ணீர் தேங்கும், கதவு வழியை மறைக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆரோக்கியமாக இருப்பவரின் நியாயம்.

எங்கள் பெரியப்பா நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதித்து மிதித்து நெய்தவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு, அவரே பார்த்துப் பார்த்துக் கட்டிய பாத்ரூமுக்குள் அவரால் போக முடியவில்லை. பெரியம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சந்தில் போட்டு, புடவையைக் கட்டி மறைத்துக் குளிப்பாட்டுகிறார். பெரியப்பா அந்த நேரத்தில் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. கொல்லைக்கும் தட்டிக்கும் திரும்பிப் போய்விட்டோம், ஆனால் இப்போது கொல்லைதான் இல்லை.

போரிலிருந்து வந்த கம்பி

சரி, உலகத்துக்கு வருவோம். முதல் உலகப் போரில் முதுகுத்தண்டில் அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் கொன்றுவிடும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பென்சிலின் போன்ற மருந்துகள் வந்தன. 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் முதுகுத்தண்டு சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இவர்தான் பின்னாளில் பாராலிம்பிக் போட்டிகளுக்கும் விதை போட்டவர். அடிபட்டவர்கள் பிழைத்தார்கள். பிழைத்ததும் ஒரு புதுக் கேள்வி வந்தது: இவர்கள் எந்த வீட்டில் இருப்பார்கள்?

1948-ல் அமெரிக்கா, கால் செயலிழந்த முன்னாள் ராணுவத்தினர் வீல்சேருக்கு ஏற்ற வீடு கட்டிக்கொள்ள மானியம் கொடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. செலவில் பாதி, அதிகபட்சம் 10,000 டாலர். இலினாய் பல்கலைக்கழகத்தில் டிமோத்தி நியூஜென்ட் என்பவர், வீல்சேரில் வரும் மாணவர்களுக்காகச் சாய்தளம் எத்தனை சரிவு, கதவு எத்தனை அகலம் என்று அளந்து அளந்து ஆராய்ந்தார். அதன் அடிப்படையில் 1961-ல் ஏ117.1 என்ற தர அளவு அங்கே வெளியானது. கட்டடத்தில் ஊனமுற்றோருக்கான முதல் தேசியத் தர அளவு அதுதான். 1963-ல் இங்கிலாந்தில் செல்வின் கோல்ட்ஸ்மித் என்ற கட்டடக் கலைஞர் இதே விஷயத்துக்கு ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அவரே போலியோவால் பாதிக்கப்பட்டவர்.

கவனியுங்கள், 1961லும் 1963லும் வந்தவை அளவுகள்தான். கட்டாயம் இல்லை. தனியார் கட்டடங்கள் வரை பரவலாகக் கட்டாயமாவதற்கு அமெரிக்காவில் 1990 வரை, பெரிய போராட்டங்கள் நடத்திக் காத்திருக்க வேண்டியிருந்தது.

வேலூரும் ஆய்க்குடியும்

இந்தக் கதையின் இந்திய அத்தியாயம் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் தொடங்குகிறது. வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர். 1954 ஜனவரியில் ஒரு வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. டாக்டர் பால் பிராண்ட், கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்றார். மேரி வர்கீஸ் வீல்சேரில் இருந்தபடி தொழுநோயாளிகளின் மடங்கிப் போன விரல்களைச் சரிசெய்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1963-ல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ.

மறுவாழ்வு மருத்துவம் என்றால் என்ன? கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, வீல்சேரிலிருந்து குளிக்கும் ஸீட்டுக்கு நகர்வது, ஒற்றைக் கையால் சோப்புப் போடுவது. காட்ஸ் பட்டியல் போட்ட அதே ஆறு காரியங்களைத் திரும்பக் கற்றுக்கொள்வதுதான் அதன் பெரும்பகுதி.

தெற்கே இன்னொரு ஊர், தென்காசி பக்கம் ஆய்க்குடி. எஸ். ராமகிருஷ்ணன் 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் அவருடன் இணைந்து சங்கத்தை நடத்திய எஸ். சங்கர ராமன் ஒரு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், தசைச் சிதைவு நோயால் வீல்சேரில் இருப்பவர். பி.காம் படிக்கும் நண்பர்களே, இந்த வரியை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். ஒருவர் ஆடிட் செய்வாரா, கையெழுத்துப் போடுவாரா என்பதை அவர் மூளை மட்டும் தீர்மானிப்பதில்லை. காலையில் எட்டு மணிக்குக் குளித்துக் கிளம்ப முடிகிறதா என்பதும் தீர்மானிக்கிறது.

சட்டம் நின்ற இடம்

இந்தியாவில் ஊனமுற்றோர் சட்டம் 1995-ல் நிறைவேறி 1996 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம், வீல்சேர் போகும் கழிப்பறை என்றெல்லாம் சொன்னது. கூடவே ஒரு நிபந்தனை: அரசின் பொருளாதாரச் சக்திக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு. காசிருந்தால் செய்யலாம் என்று அர்த்தம்! 2007-ல் இந்தியா ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. தமிழ்நாட்டில் 2010-ல் "மாற்றுத்திறனாளிகள்" என்ற சொல் அரசு வழக்குக்கு வந்தது. 2016-ல் புதுச் சட்டம், 2017 ஏப்ரலில் அமல். விதிகளை மீறிய வரைபடத்துக்குக் கட்டட அனுமதி கிடையாது என்று அது கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னது.

ராஜீவ் ரத்தூரி என்ற பார்வையற்றவர் 2005-ல் தொடுத்த வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவுகள் போட்டது. 2024 நவம்பர் 8 அன்று அதே வழக்கில், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த விதி 15(1) சட்டத்துக்கே முரணானது என்று ரத்து செய்து, கட்டாய விதிகளை உருவாக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. 1961-ல் அமெரிக்காவில் எழுந்த அதே பிரச்சினை. அளவு இருக்கிறது, கட்டாயம் இல்லை.

இதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஒன்றைப் பாருங்கள். அலுவலகம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், கல்லூரி எல்லாம் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. வீடு வரவில்லை. பெரியப்பாவின் சந்து வரவில்லை. 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல் வரை போக மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமாகி, மறுபடி சரிசெய்தார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். முதன்முறையாகக் கடல் அலையில் கால் நனைத்தவர்களின் முகத்தை எல்லா டிவியிலும் காட்டினார்கள். வீட்டு பாத்ரூமில் யாரும் கேமரா வைக்க முடியாது. அதனால்தானோ என்னவோ அது செய்தியாவதும் இல்லை, திட்டமாவதும் இல்லை.

எப்படிப் பொருத்த வேண்டும்?

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். இந்தியக் கட்டட விதிகள் கழிப்பறைக்குச் சொல்லும் அளவு: கதவைத் திறந்தபின் வழி 900 மி.மீ., அதாவது ஏறக்குறைய மூன்று அடி. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். கைப்பிடிக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவே 50 மி.மீ. இடைவெளி. வீல்சேர் முழு வட்டம் திரும்ப 1500 மி.மீ., அதாவது ஐந்தடி வேண்டும். அமெரிக்க அளவில் ஷவர் ஸீட்டின் உயரம் தரையிலிருந்து 17 முதல் 19 இன்ச். வீல்சேர் இருக்கையின் உயரமும் ஏறக்குறைய அதுதான், அப்போதுதான் பக்கவாட்டில் நகர்ந்து உட்கார முடியும். வாசல் திண்டு அரை இன்ச்சுக்கு மேல் கூடாது. தண்ணீரைத் தடுப்பது திண்டின் வேலை இல்லை, தரைச் சரிவின் வேலை. ஐம்பது இன்ச்சுக்கு ஒரு இன்ச் வாட்டம் போதும்.

ஸீட்டும் கம்பியும் 250 பவுண்டு, அதாவது 113 கிலோ தாங்க வேண்டும் என்பது அங்கே விதி. டவல் ராடைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவும், அது டவலுக்கு மட்டும்தான். டைல்ஸுக்கும் பூச்சுக்கும் பின்னால் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும். நாலரை இன்ச் தடுப்புச் சுவரை நம்பி மடக்கு ஸீட் மாட்டக் கூடாது. ஒன்று, போல்ட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் வரை விட்டுத் தகடு வைத்து முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தரையில் கால் ஊன்றும் ஸீட் வாங்க வேண்டும். ரப்பர் கப்பால் டைல்ஸில் ஒட்டும் கம்பியை உடம்பு பாரத்துக்கு நம்பவே கூடாது.

கண்ணாடி ஷவர் கதவு போட ஆசைப்பட்டால் மேலே தொங்கி நகரும் வகை நல்லது. கீழே தண்டவாளம் இருந்தால் அதுவே ஒரு திண்டு ஆகிவிடும். வெளிநாடுகளில் இடுப்பு உயரத்துக்குப் பாதிக் கதவு கிடைக்கிறது. உள்ளே குளிப்பவர் மேல் தண்ணீர் விடலாம், வெளியே நிற்பவர் நனைய மாட்டார், மறைவும் இருக்கும். நம்ம தட்டிதான், பிளாஸ்டிக்கில் வந்திருக்கிறது! முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குக் காலில் சூடு தெரியாது என்பதால் வெந்நீரை முதலில் கையில் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

கணக்கு யார் தலையில்?

கடைசியாகக் காமர்ஸ்காரன் கேள்வி. செலவு யாருடையது?

ஜப்பானில் 2000-ல் வந்த முதியோர் பராமரிப்புக் காப்பீட்டில் வீட்டை மாற்றியமைக்க 2 லட்சம் யென் வரை வேலைக்குப் பணம் உண்டு. கம்பி பொருத்துவது, படி எடுப்பது, வழுக்காத தரை, தள்ளு கதவாக மாற்றுவது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1990 முதல் ஊனமுற்றோர் வீட்டு வசதி மானியம் உண்டு. நம் தமிழர்கள் நிறைய பேர் இருக்கும் சிங்கப்பூரில் வீடமைப்புக் கழக வீடுகளுக்கு 2012-ல் ஈஸ் திட்டம் வந்தது. கைப்பிடிக் கம்பிக்கும் வழுக்காத தரைக்கும் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. 2024-ல் விரிவாக்கியபோது மடக்கு ஷவர் ஸீட்டையும் சேர்த்தார்கள்.

இவர்கள் யாரும் தர்மத்துக்குச் செய்யவில்லை. ஒரு முதியவர் பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரிக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டு, கம்பி மலிவு என்று கண்டுகொண்டார்கள். சரியான கணக்கு.

நம் ஊரிலும் செலவு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிறார்கள். பாத்ரூமுக்கு நாம் செலவு செய்யவில்லை என்றால் அது வேறு ஒரு பெயரில் பற்று எழுதப்படுகிறது. எங்கள் வீட்டில் அந்தப் பெயர் பெரியம்மா. தினமும் ஒரு மணி நேரம், அவருடைய முதுகு, பெரியப்பாவின் கூச்சம். பணமாக மாறாததால் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம். கடைசி போலியோ நோயாளி 2011-ல் பதிவானார், 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழ் வந்தது. ஆனால் அதற்கு முன் பாதிக்கப்பட்ட குழந்தைகள் இன்று நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். இதுவரை கையை ஊன்றிச் சமாளித்த உடம்பு இனிச் சமாளிக்காது. பெரியப்பா தலைமுறை நெசவாளர்களின் முட்டியும் அப்படித்தான்.

புது வீடு கட்டும்போது இரண்டரை அடிக்குப் பதில் மூன்று அடிக் கதவு என்பது மேஸ்திரியிடம் சொல்லும் ஒரு வார்த்தை. கட்டி முடித்த பிறகு அதுவே சுவர் இடிப்பு, டைல்ஸ் உடைப்பு, பைப் மாற்றம். எங்கள் தெருவிலேயே இப்போது நான்கு வீடுகள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நிலை வைத்தாகிவிட்டது, நான்கும் இரண்டரை அடி.

உங்கள் வீட்டில் யாராவது கட்டுமான வேலை பேசிக்கொண்டிருந்தால், நிலைக்குச் சொல்வதற்கு முன்னால் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுங்கள். "யாருக்குப்பா வீல்சேர்?" என்று மேஸ்திரி கேட்பார். இன்றைக்கு யாருக்கும் இல்லை, நாளைக்கு நம்மில் யாருக்கு வேண்டுமானாலும் என்று சொல்லுங்கள்.